அரசன் அளித்த கத்தியும் உழவன் அடித்த கத்தியும்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து, வன்னிப் பெருநிலத்தின் நடுவே தெற்கு நோக்கி ஓடும் நெடுஞ்சாலையை வடபகுதி மக்கள் கண்டி வீதி என்றே வழங்குவர். அவ்வீதியிற் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் அமைந்தது மாங்குளம். அங்கே கிழக்கு நோக்கி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஒரு வீதியும், மேற்கு நோக்கித் துணுக்காய் வழியாக வெள்ளாங்குளத்துக்கு ஒரு வீதியும் பிரிகின்றன. எத்திசையில் நடந்தாலும் சிறிது தொலைவிற் காடு எதிர்ப்படும். அக்காட்டிலே தேன் எடுக்கவும், தடி வெட்டவும், வேலிக்குக் கதியால் கொணரவும் செல்வோர் வேறெதனை மறந்தாலும் கத்தியை மறப்பதில்லை. அது மடக்கி மடியிற் செருகும் வில்லுக்கத்தியன்று; அலகும் பிடியும் அசையாது ஒன்றாய் நிற்கும் கத்தி. கொடியை அறுப்பதற்கும், முள்ளைத் தறிப்பதற்கும், இளநீரைச் சீவுவதற்கும் அஃதொன்றே போதும். அதன் அழகைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கூர்மையைப் பற்றி மாத்திரமே பேசுவர்.

இத்தகைய கத்தி, கண்டி வீதியின் மறுமுனையிலே, மலைநாட்டு மன்னர் காலத்தில் இருவகையாகச் செய்யப்பட்டது. ஒன்று ஊர்க் கொல்லன் உழவனுக்குச் செய்தது. மற்றது அரசனுடைய பட்டறையில், அரசன் ஆணைப்படி, அவன் விரும்பியோர்க்கு அளிப்பதற்கெனச் செய்யப்பட்டது. இந்த இரண்டாம் வகையையே சேகரிப்போர் ‘பிஹா கெத்த’ என்னும் சிங்களப் பெயராற் குறிப்பிடுவர். உலகின் பெரிய நூதனசாலைகளிலும், செல்வர் மாளிகைகளிலும், இலண்டன் ஏல விற்பனைகளிலும் காணப்படுவது இதுவே. முதல் வகையைக் காண்பது அரிது. சிலர்க்கென்று அளவாகச் செய்யப்பட்டது எஞ்சி நிற்க, ஊர்தோறும் எண்ணிறந்து செய்யப்பட்டது மறைந்தொழிந்தது எவ்வாறு? கத்தி ஒன்றின் வரலாறுதானே என்று தள்ளிவிடக்கூடிய வினாவன்று இது. ஒரு நாட்டு மக்கள் எதனைக் காத்து வைக்கின்றனர், எதனைத் தேய்ந்து போக விடுகின்றனர் என்பதும் இதனுள் அடங்கும்.

உழவன் கத்தியைப் பற்றி நாம் அறிவதற்குத் துணை செய்பவர் அந்நியர் ஒருவர். 1660 ஆம் ஆண்டிலே திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவிற் கண்டி அரசனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிற் சிறைவாழ்வு வாழ்ந்தார். சிறை என்றாலும் சுவர்களுக்குள் அடைபட்ட சிறையன்று. ஊர்களிலே குடியிருந்து, தொப்பி பின்னியும் சிறுவணிகம் செய்தும் அவர் வாழ்ந்தார். 1679 ஆம் ஆண்டில், இரும்புச் சாமான், மிளகு, உள்ளி, சீப்பு முதலியவற்றைச் சுமந்து விற்கும் வணிகர் போல நடித்து, தோழர் ஒருவருடன் அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து ஆற்றோரமாகக் காட்டு வழியே நடந்து, மன்னார்ப் பகுதியிலிருந்த அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை வந்தடைந்தார். அவர் கடந்து வந்த காட்டின் ஒரு பகுதி வன்னித் தலைவன் ஒருவனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நொக்ஸ் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிய அத்தலைவன் பெயரைக் கயிலாய வன்னியன் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். அவன் தலைமை பூண்ட பனங்காமம், மாங்குளத்துக்குத் தென்மேற்கே உள்ளது. எனவே கண்டிக் கத்தியைப் பற்றி உலகுக்கு முதலில் விரிவாக எழுதியவர், வன்னிக் காட்டின் விளிம்பால் நடந்தே தம் நாட்டுக்கு மீண்டார். அவருடைய நூல் 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது.

கண்டிப் பிரபுக்களின் உடையை வருணிக்குமிடத்து நொக்ஸ் இருவகைப் படைக்கலங்களைக் குறிக்கின்றார். இடுப்பின் பக்கத்தே தொங்குவது வெள்ளியும் பித்தளையும் இழைத்த குறுவாள். மார்பருகே ஆடையிற் செருகியிருப்பது, செதுக்கு வேலைப்பாடமைந்து வெள்ளி இழைத்த பிடியையுடைய கத்தி. இவ்வாறு 17 ஆம் நூற்றாண்டிலேயே அலங்காரக் கத்தி பெருமக்களின் அடையாளமாக விளங்கியமை தெளிவாகின்றது.

ஆயினும் இதனிலும் சுவையான பகுதி அவர் ஊர்க் கொல்லனைப் பற்றி எழுதியதாகும். கொல்லன் பட்டறைக்குச் செல்பவன் இரும்பையும் கரியையும் தானே கொண்டு செல்ல வேண்டும். கொல்லன் தன் இருக்கையிலே பெருமிதத்தோடு வீற்றிருப்பான். முன்னே அடைகல், இடப்புறத்தில் உலை, வலக்கையிற் சிறு சுத்தியல். துருத்தியை ஊதுபவன் யார்? கத்தி கேட்டு வந்தவனே. காய்ந்த இரும்பைக் கொல்லன் குறட்டாற் பிடித்துக் கொடுக்க, பெரிய சம்மட்டியால் ஓங்கி அடிப்பவனும் அவனே. கொல்லன் இடையிடையே சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உருவை நேர் செய்வான். அராவ வேண்டியதாயின், முதலிற் கல்லிலே தேய்த்து வருமாறு வந்தவனையே அனுப்புவான். அவன் இயன்றவரை தேய்த்துக் கொணர்ந்த பின்னரே அரத்தை எடுத்து முடித்துக் கொடுப்பான். ஒவ்வொரு கொல்லனுக்கும் இன்ன இன்ன ஊர்கள் என்று வரையறை இருந்தது. அவ்வூரார் பிறிதொரு கொல்லனிடம் செல்லுதல் ஆகாது. கூலியும் காசாக அன்று, அறுவடைக் காலத்தில் நெல்லாகவே அளக்கப்பட்டது.

நொக்ஸ் இதனைச் சற்றே எள்ளல் தொனிக்கவே எழுதுகின்றார். வேலை செய்யாது வீற்றிருக்கும் கொல்லனின் செருக்கே அவர் கண்ணுக்குப் பட்டது. அவர் காட்டிய காட்சியிற் பிறிதோர் உண்மையும் உண்டு. அவ்வாறு செய்யப்பட்ட கத்தியிலே உடையவனின் வியர்வையும் கலந்திருந்தது. இரும்பு எவ்வளவு காய்ந்தது, எங்கே வளைந்தது, எத்தனை அடி தாங்கிற்று என்பதை அவன் அறிவான். அவன் கையின் அளவுக்கும் அவன் செய்யும் வேலைக்கும் ஏற்ப அது உருவெடுத்தது. இன்று ஆலையிலே ஓரச்சிற் பதினாயிரம் வார்த்து விற்கும் பொருளைச் ‘சாதாரண வகை’ என்கிறோம். அப்பொருளில் அக்கத்தியைச் சாதாரண வகை என்று சொல்ல இயலாது. எண்ணிக்கையிற் பல, ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

இரும்பும் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்ததன்று. இலங்கையர் தாமே கல்லிலிருந்து இரும்பை உருக்கி எடுத்தனர். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியிற் கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அகழ்ந்து கண்ட உலைகள் கி. பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. மலைச்சரிவிலே மேற்கு நோக்கி அமைந்த அவ்வுலைகளுக்குத் துருத்தி தென்மேற் பருவக்காற்றே. 1996 ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளியானபோது உலகத்து உலோக நூலார் வியந்தனர்.

இனி, அரசனுடைய பட்டறைக்குச் செல்வோம்.

கண்டி இராச்சியத்திற் கைவினைஞர் இரு நிலையினராக வகுக்கப்பட்டிருந்தனர். மாகாணங்களிலே வாழ்ந்து, முறைவைத்துத் தலைநகருக்கு வந்து, இரண்டிரண்டு மாதம் அரச பணி செய்து மீள்வோர் ஒரு சாரார். இவர்கள் ‘கொட்டல்பத்த’ என்னும் பகுதியைச் சேர்ந்தோர். மற்றையோர் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு பட்டறைகளைச் சேர்ந்தோர். பொன்வாட் பட்டறை, ஆபரணப் பட்டறை, சிங்காசனப் பட்டறை, முடிப் பட்டறை என்பன அவை. இந்நான்கு பட்டறையினரும் பெரும்பாலும் வழிவழியாக வந்த குடும்பத்தினர். அவர்கள் அரசனுக்கே வேலை செய்தனர். அரசனின் அநுமதியின்றிப் பிறர்க்குச் செய்தல் இயலாது. பணிக்குப் பரிசாக நிலம் பெற்றனர். மாகாணக் கைவினைஞருக்கு மேற்பார்வையாளராக அமர்ந்த மூலாச்சாரிகளும் இவர்களிலிருந்தே எடுக்கப்பட்டனர். கண்டி மாளிகையை ஒட்டிய எண்கோண மண்டபத்தைக் கட்டியவனாகப் போற்றப்படும் தேவேந்திர மூலாச்சாரியின் பெயரிலே அப்பட்டம் இன்றும் நிலைத்திருக்கின்றது. ஆசாரி என்னும் சொல் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் பொதுவான சொல் என்பதை இங்கே நினைவுகூரல் தகும்.

இப்பட்டறைகளிற் செய்யப்பட்ட கத்தியை ஊர்க் கத்தியோடு வைத்து நோக்கும்போது முதலிற் கண்ணிற் படுவது வேறுபாடு. நின்று நோக்கும்போது தெரிவது ஒற்றுமை. அலகு இரண்டிலும் ஒரே இனத்தது. ஒரு புறம் மாத்திரம் கூருடையது, முதுகு தடித்தது, வெட்டும்போது பாரம் முன்னே செல்லும்படி அமைந்தது. பொன்னும் வெள்ளியும் பூண்டமையால் அது விளையாட்டுக் கத்தியாகிவிடவில்லை. தறிக்க வேண்டியதைத் தறிக்கும் கத்தியாகவே அரச பட்டறையும் அதனைச் செய்தது.

வேறுபாடு தொடங்குவது அலகின் அடியிலே, பிடியோடு சேருமிடத்தில். அங்கே முதுகின் மேலும் பக்கங்களிலும் வெள்ளியும் பித்தளையும் பதித்து, ‘லியவெல’ எனப்படும் கொடி வேலை செய்யப்பட்டிருக்கும். சிற்சில கத்திகளில் அப்பகுதி முழுவதும் உலோகத் தகட்டால் மூடப்பட்டு, இலையும் சுருளுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். பிடி கொம்பினாலோ தந்தத்தினாலோ பித்தளையினாலோ ஆனது. பளிங்குப் பிடியுடையவையும் உள. அவை மிகச் சில. உறை மரத்தாலானது, அதன்மேல் வெள்ளிக் கட்டுகள் இடப்பட்டிருக்கும். சில உறைகளிலே கத்திக்குப் பக்கத்தில் எழுத்தாணிக்கும் ஓர் இடம் உண்டு. வெட்டுவதும் எழுதுவதும் ஒருவன் இடுப்பிலே ஒன்றாக அமர்ந்தன. ஏட்டை வாருவதற்குக் கத்தியும் எழுதுவதற்கு ஆணியும் வேண்டுமன்றோ? தமிழ்நாட்டு மடக்கெழுத்தாணியிலே ஒரு முனையிற் கத்தியும் மறுமுனையில் ஆணியும் அமைந்திருப்பதை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

அலங்காரம் எங்கே வைக்கப்பட்டது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கல்லிலே தேயும் வாய்ப்பகுதியில் அது இல்லை. கத்தியை எத்தனை முறை தீட்டினாலும் அழியாத அடிப்பகுதியிலும் முதுகிலுமே அது நிற்கின்றது. இதனை வகுத்தவன் கத்தியின் தொழிலை நன்கு அறிந்தவன். இவ்வொரு குறிப்பே அரச பட்டறைக் கத்தியை, பிற்காலத்தில் அயல்நாட்டார்க்கு விற்பதற்கெனச் செய்யப்பட்ட பகட்டுப் பொருள்களினின்று பிரித்துணர்வதற்குப் பெரிதும் உதவும். கண் காணுமிடமெல்லாம் பூ வெட்டிய அலகைக் கண்டால் அது வெட்டுவதற்குச் செய்ததன்று என்று கொள்ளலாம்.

வெட்டுந் திறத்தால் எது சிறந்தது என்று ஒருவர் கேட்பாராயின், அலகைப் பொறுத்தவரை அரச கத்திக்கு மேன்மை சொல்வதற்கு இடமில்லை. ஊர்க் கத்தியின் இலேசான மரப்பிடி நாள் முழுவதும் காட்டு வேலை செய்யும் கைக்கு இதமானது. வெள்ளி பதித்த பிடி வியர்த்த கையில் வழுக்கும். அரச கத்தியின் சிறப்பு வேறிடத்தில் இருந்தது. அஃது அளித்தவன் கையிலே இருந்தது. அதனை விலை கொடுத்து வாங்க இயலாது. பதவியும் நிலமும் பெற்றவன் அவற்றோடு பெறும் மதிப்புப் பொருள்களுள் அதுவும் ஒன்று. அதனை இடையிற் செருகி நடப்பவனைக் கண்டோர், இவன் அரசனுக்கு வேண்டியவன் என்று விலகி வழிவிட்டனர்.

இக்காலத்திலே கத்தி செய்யும் நிறுவனங்கள் ஒரே வடிவத்தை இரு வகையாக வெளியிடுவதுண்டு. ஒன்று எவர்க்கும் கிடைப்பது. மற்றது இத்தனைதான் என்று எண்ணிக்கை குறித்து, ஒவ்வோர் அலகிலும் இலக்கம் பொறித்து, பேழையிலிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுவது. இரண்டிலும் உருக்கு பெரும்பாலும் ஒன்றே. பிடியும் மெருகும் எண்ணும் வேறு. கண்டி அரசனுடைய கத்தியும் வரையறுக்கப்பட்டதுதான். ஆனால் அந்த வரையறை எண்ணால் வந்ததன்று, உரிமையால் வந்தது. எத்தனை செய்வது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. யார் பெறலாம் என்பதே குறிக்கப்பட்டது. பெரும்பாலான கத்திகளிற் செய்தவன் பெயருமில்லை, இலக்கமுமில்லை. ஆதலால் இன்றைய சேகரிப்போன் வேலைப்பாட்டைக் கொண்டே அதன் பிறப்பை ஊகிக்க வேண்டியவனாகின்றான்.

அருமை என்பது இன்னொரு வழியாலும் வந்து சேரும். 1941 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இலண்டன் வில்கின்சன் வாள் நிறுவனம் பிரித்தானியக் கொமாண்டோப் படையினர்க்கென ஒரு கத்தி செய்தது. அதனை வகுத்தவர்கள் ஷாங்காய் நகரப் பொலிசிற் பணியாற்றிய ஃபெயார்பேர்ண், சைக்ஸ் என்னும் இருவர். முதற்செய்த கத்திகளிற் கைக்காப்பு ‘எஸ்’ எழுத்துப் போல வளைந்திருந்தது. போர் முற்ற முற்ற, விரைந்து செய்வதற்காகக் கைக்காப்பு நேராக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டளவிற் பிடியும் வார்ப்பு உலோகத்துக்கு மாறியது. முதல் வகையை எவரும் அருமைப் பொருளாகச் செய்யவில்லை. போருக்குச் செய்தனர், போரிலே தொலைந்தன, எஞ்சிய சிலவற்றுக்கே சேகரிப்போர் இன்று பெரும் பொருள் கொடுக்கின்றனர். வேண்டுமென்று குறைத்தமையால் வரும் அருமை ஒன்று. பயன்பட்டுத் தேய்ந்தமையால் வரும் அருமை மற்றொன்று. இவ்விரண்டிற் பின்னதற்கே வரலாற்றிற் கூடுதலான மதிப்பு உண்டு என்பதை ஏல விற்பனையாளர் ஒப்புக்கொள்ளாராயினும் வரலாற்று மாணவர் ஒப்புவர்.

கண்டி உழவனின் கத்தி அவ்வாறே தேய்ந்தது. நாள்தோறும் கல்லிலே தீட்டப்படும் அலகு ஆண்டுதோறும் ஒடுங்கும். அகன்று நின்ற கத்தி சில காலத்தில் அடுக்களைக்கு வரும். அங்கும் தேய்ந்தபின் ஓலை வாரும் சத்தகம் போலச் சிறுக்கும். பிடி உடைந்தால் மீண்டும் உலைக்குள் நுழைந்து வேறொன்றாகிவிடும். இரும்பு அருமையாயிருந்த ஊரிலே ஒரு துண்டும் வீணாவதில்லை. மழைநாட்டுத் துரு எஞ்சியதையும் தின்றுவிடும். அரச கத்தியோ பெட்டகத்திலே துணி சுற்றிக் காக்கப்பட்டது. விழா நாளில் எடுத்து, எண்ணெய் பூசி, மீண்டும் வைக்கப்பட்டது. பயன்படாமையே அதற்கு ஆயுளாயிற்று.

அவ்வாறு காக்கப்பட்டவையும் நாட்டிலே நிலைக்கவில்லை. 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் பெரும்படையோடு சென்று கண்டியைப் பிடித்தான். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்திசிறீ இராசசிங்கன் அப்போது தலைநகரைவிட்டு நீங்கினான். ஒல்லாந்தரால் அங்கே நெடுநாள் நிற்க இயலவில்லை; நோயும் பசியும் அவர்களைத் துரத்தின. வான் எக்கும் அவ்வாண்டிலேயே கொழும்பில் இறந்தான். எனினும் அரண்மனைப் பொருள்கள் கொள்ளையாகக் கப்பலேறின. பின்னர் 1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 ஆம் ஆண்டில் அங்கேயே மாண்டான். அதே ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையும் ஒழிக்கப்பட்டது. ஊழியம் ஒழிந்தது மக்களுக்கு நன்மையே. ஆனால் அரசனும் அவனுடைய ஆணையும் இல்லாத நிலையில் நான்கு பட்டறைகளும் வாழ வழியின்றிப் போயின. பரிசாக அளிப்பதற்கென்றே செய்த பொருளை அளிப்பவன் இல்லாதபோது யார் செய்விப்பர்? 1882 ஆம் ஆண்டிற் கண்டியக் கலைச் சங்கம் அமைக்கப்பட்டு அக்கைவினைகளை மீட்க முயன்றது. அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும் வாங்குவோன் மாறியபின் பொருளின் இயல்பும் மாறவே செய்தது. ஊர்க் கொல்லனுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. ஐரோப்பாவிலிருந்து மலிவான இரும்பு வந்திறங்கியதும் உள்ளூர் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

அவ்வுலைகளின் கடைசிப் புகையைக் கண்டு எழுதியவர் ஆனந்தக் குமாரசுவாமி. தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியாகிய எலிசபெத்துக்கும் மகனாக, 1877 ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிறந்தவர். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக 1903 ஆம் ஆண்டு முதல் இலங்கை முழுதும் சுற்றியவர், கல்லைத் தேடிச் சென்ற இடத்திலே கைவினைஞரைக் கண்டார். இரும்புருக்கும் முறையை அறிந்த முதியோர் சிலர் அப்போதும் எஞ்சியிருந்தனர். அவர்களைச் செய்து காட்டச் செய்து குறித்துக்கொண்டார். நான்கு பட்டறைகளின் அமைப்பும், கத்தி, எழுத்தாணி, உறை முதலியவற்றின் வேலைப்பாடும் அவர் எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூலால் உலகுக்குத் தெரியவந்தன.

அந்நூல் வெளிவந்த வரலாறும் இப்பொருளோடு வியத்தகு பொருத்தமுடையது. வில்லியம் மொரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் பயன்படுத்திய கைஅச்சு யந்திரத்திலே, குமாரசுவாமி தம் இல்லத்திலிருந்து, பதினைந்து மாதங்களுக்கு மேலாக மேற்பார்வை செய்து அதனை அச்சிடுவித்தார். 1908 ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்த அப்பதிப்பிலே 425 படிகள் மாத்திரமே அச்சிடப்பட்டன. ஊர்க் கைவினையின் பெருமையைப் பேசிய நூல் செல்வரும் பெரிய நூலகங்களும் மாத்திரமே வாங்கக்கூடிய அரிய பதிப்பாக வெளிவந்தது. 1956 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இரண்டாம் பதிப்பு வந்த பின்னரே ஏனையோர் கைக்கும் அது எளிதில் எட்டிற்று. நூலைப் படிக்க விரும்புவோனுக்கு முதற்பதிப்பும் இரண்டாம் பதிப்பும் ஒன்றே. நூலைச் சேகரிப்போனுக்கு இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

ஒல்லாந்தர் கொண்டு சென்றவற்றுட் சில ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் நூதனசாலையிலே நெடுங்காலம் இருந்தன. இலங்கை ஆய்வாளரும் ஒல்லாந்து ஆய்வாளரும் சேர்ந்து அவற்றின் வரலாற்றை ஆராய்ந்தனர். 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவற்றை மீள அளிப்பதென ஒல்லாந்து அரசு முடிவு செய்தது. திசம்பர் மாதத்திற் கொழும்பிலே அவை ஒப்படைக்கப்பட்டன. 1765 ஆம் ஆண்டிற் கண்டியில் எடுக்கப்பட்டவை என்று கருதப்பட்ட அப்பொருள்கள் ஆறு: லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்ததாகச் சொல்லப்படும் அலங்காரப் பீரங்கி, பொன் வாள் ஒன்று, வெள்ளி வாள் ஒன்று, பெருந்துப்பாக்கிகள் இரண்டு, கத்தி ஒன்று. செய்தித்தாள்கள் பீரங்கியையும் பொன்வாளையும் பற்றியே பெரிதும் எழுதின. கத்தியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவை சில. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னர் நாடு திரும்பிய அக்கத்தி அரசன் கத்தி. அதே போர்க் காலத்தில், ஒல்லாந்தப் படை காட்டு வழிகளில் ஏறியபோது, மரந்தறித்து வழியை மறித்த உழவர் கையிலிருந்த கத்திகளை எவரும் கொள்ளையிடவில்லை. அவற்றைக் கொள்ளையிடத் தக்கவை என்று எவரும் எண்ணவுமில்லை. ஆதலால் அவை திரும்பி வருவதற்கும் வழியில்லை.

வன்னிக்கு மீள்வோம். 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே போர்முனை மாங்குளத்தைக் கடந்தது. அதற்கு முன்னரே அப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து விட்டனர். உழவு யந்திரத்திலும் மாட்டு வண்டியிலும் ஏற்றிய பொருள்களை ஒவ்வோர் ஊரிலும் சிறிது சிறிதாக இறக்கிவிட்டே மேலும் செல்ல நேர்ந்தது. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்து, முகாம்களில் இருந்து, அதன் பின்னர் காணிக்குத் திரும்பியோர் முதலிற் செய்த வேலை பற்றை வெட்டுதல். முற்றமும் கிணற்றடியும் காடாகிக் கிடந்தன. அதற்கு வேண்டியது கத்தி. உதவி நிறுவனங்கள் மண்வெட்டியோடும் கோடரியோடும் கத்தியும் கொடுத்தன. ஒரே அச்சிற் செய்த, ஒன்றைப்போல் ஒன்றான கத்திகள். அவை செய்த உதவியைக் குறைத்துச் சொல்லுதல் ஆகாது. ஆனால் பாட்டன் கை பட்டு மழுமழுப்பேறிய முதிரைப் பிடியும், கல்லிலே தேய்ந்து பிறை போல் ஒடுங்கிய அலகும் உடைய பழைய கத்திகள், கைவிட்ட வளவுகளில் மண்ணோடு மண்ணாயின. கண்டி உழவனுக்கு நூற்றாண்டுகளில் நேர்ந்தது வன்னி உழவனுக்குச் சில மாதங்களில் நேர்ந்தது.

புதுக் கத்தி முனை மழுங்கியதும் மக்கள் கொல்லனையே தேடிச் சென்றனர். இன்று வன்னிக் கொல்லன் கையில் எடுப்பது பழைய லொறியின் வில்லுத்தகடு. அதனை உலையிலிட்டு நெருப்பு நிறமாகக் காய்ச்சி, தட்டி, நீட்டி, வாய்ப்பகுதியை மெலிதாக்குகின்றான். துருத்திக்குப் பதிலாகச் சில பட்டறைகளில் மின்விசிறி வந்துவிட்டது. மின்சாரம் நின்ற வேளையிற் பழைய சக்கரத்துருத்தியே சுழலும். பெயரில்லை, இலக்கமில்லை, வெள்ளிக் கொடியில்லை. காய்ந்த அலகை நீரிலே தோய்க்கும்போது எழும் ஓசையைக் கொண்டே கத்தி நன்றாக வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவான். பிடியின் நீளத்தை அளப்பதற்கு, அருகிலே நிற்பவனின் கையைத்தான் கேட்பான்.